பச்சை வாளியில் எலுமிச்சை மூடி

அந்த டீக் கப்பை இப்படிக் கொடுங்கள் சார். இல்லை, இல்லை, மூலையில் வைக்க வேண்டாம். பேப்பர் கப் என்று பெயர்தானே தவிர, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள், தெரியும். இது நீல வாளிக்குப் போக வேண்டியது. அதுவும் அப்படியே போகக் கூடாது. அலசிக் கவிழ்த்து, ஈரம் உலர்ந்த பிறகு போக வேண்டும். நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அலசிக்கொள்கிறேன். நீங்கள் சுற்றிப் பாருங்கள்.

இது ஹால். அது சமையலறை, கிழக்குப் பார்த்தது. பின்னால் கிணறு இருந்த இடத்தில் இப்போது போர் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் ரத்தினவேல் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். சாவி என்னிடம்தான் இருக்கும். எதிரே பச்சை கேட் போட்ட வீடு என்னுடையது. வைத்திலிங்கம் என்று பெயர். இந்த நகரின் நலச்சங்கச் செயலாளர். வேலையில் இருந்தபோது எடையளவு ஆய்வாளர். கடைகடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற வேலை. கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டியிருந்தால், கையில் வாங்கும்போதே சொல்லிவிடுவேன். அவ்வளவு பழக்கம்.

நல்ல வீடு இவ்வளவு நாள் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டீர்கள். கேட்டவரிடம் மறைப்பது என் வழக்கம் இல்லை. அந்த ஜன்னல் கட்டையில் உட்காருங்கள், அகலமானது.

தெரு முனையில் ரோஜாச் செடி வைத்த ஒரு மனையைப் பார்த்திருப்பீர்கள். முன்பு அதுதான் ஊர்க் குப்பைமேடு. எல்லோரும் படித்தவர்கள் சார். குளித்து, விபூதி பூசி, ஆபீசுக்குப் புறப்படும்போது கேரி பேக்கில் கட்டிய மூட்டையை ஸ்கூட்டரிலிருந்தே வீசிவிட்டுப் போவார்கள். பன்றி கிழிக்கும், நாய் இழுக்கும், மாடு தின்னும். ஏன் சார் இப்படி என்றால், “நான் மட்டுமா போடுறேன்?” என்பார்கள். வாசலைத் தாண்டிவிட்டால் குப்பைக்குச் சொந்தக்காரன் கிடையாது. அதுதான் அப்போதைய நினைப்பு.

பிறகு மாநகராட்சி விதி வந்தது. பச்சை வாளி, நீல வாளி. மக்குவது, மக்காதது. இது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதைத்தான் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். நாப்கின், டயப்பர், பிளேடு, ஊசி, பழைய மாத்திரை. இவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு பொட்டு வைத்து, சனிக்கிழமை தனியாகக் கொடுக்க வேண்டும். இங்கே எல்லோரும் கொடுக்கிறார்கள். காரணம் நான்தான். தினமும் காலையில் குப்பை வண்டியோடு கூடவே நடப்பேன். ஒவ்வொரு வாளியையும் மூடியைத் திறந்து பார்ப்பேன். கலந்து போட்டிருந்தால் கேட்டில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அவர்களே துடைக்கக் கூடாது. மறுநாள் வாளி சரியாக இருந்தால் நான் துடைப்பேன்.

திட்டாமலா இருப்பார்கள்? “ரிட்டயர் ஆன மனுஷன் நம்ம முருங்கைக்காய்ச் சக்கையை எண்ணிக்கிட்டு அலையுறாரு” என்று ஒரு அம்மாள் என் காதுபடவே சொன்னாள். சொல்லட்டும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பன்றிகள் போய்விட்டன. குப்பைமேடு இருந்த இடத்தில் தொட்டி கட்டி, மண்புழு விட்டு, உரம் எடுத்தோம். இப்போது குப்பைக்கு விலாசம் இருக்கிறது சார். வாளியைப் பார்த்தே யார் வீடு என்று சொல்வேன். யார் வீட்டில் மருமகள் சமைக்கிறாள், யார் வீட்டில் ஓட்டல் சாப்பாடு, எல்லாம் தெரியும். சுத்த சைவம் என்று சொல்லிக்கொள்ளும் வீட்டில் மீன் முள் பார்த்திருக்கிறேன். ஒருவரிடமும் சொன்னதில்லை. மாடி வீட்டுச் சபாபதி அவர். நல்ல மனிதர்.

இதில் ஒரு விஷயம். நீங்கள் வெளியூர்க்காரர், சொன்னால் என்ன. எனக்குச் சர்க்கரை இருக்கிறது. தினமும் ஊசி. இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும்? “செயலாளருக்கே முடியலையாம், பாவம்” என்று ஆரம்பிப்பார்கள். பாவம் என்று சொல்லப்படுகிறவன் பேச்சை யார் கேட்பார்கள்? அதனால் என் மனைவி மரகதத்திடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். “இந்த ஊசி சிவப்புப் பொட்டலத்தில் போகக் கூடாது. பொட்டலம் பிரிந்தால் வண்டிக்காரியிலிருந்து எல்லோரும் பார்ப்பார்கள்.” அவள் கெட்டிக்காரி. எப்படியோ செய்தாள். எப்படி என்று நான் கேட்கவில்லை. ஊசியைக்கூட நான் பார்த்ததில்லை சார், சத்தியமாக. சட்டையைத் தூக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். அவள் போட்டுவிட்டுப் போய்விடுவாள். பிறகு வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுக் கொடுப்பாள். அதைக் குடித்துவிட்டுத்தான் வண்டியோடு கிளம்புவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வீட்டில் வீராயி என்று ஒரு பெண் குடியிருந்தாள். புருஷன் இல்லை. விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றார்கள். ஒரே மகள், யாழினி. பன்னிரண்டாம் வகுப்பு. இந்த ஜன்னலில்தான் உட்கார்ந்து படிக்கும், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில். வீராயிக்கு பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சர்பத் வண்டி. நன்னாரி சர்பத், லெமன் சோடா. வண்டியைப் பின்பக்கம் நிறுத்தக் கேட் அகலமாக இருக்கிறது என்றுதான் இந்த வீட்டுக்கே வந்தாள். பிழிந்த எலுமிச்சை மூடிகளைத் தெருவில் கொட்ட மாட்டாள். சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் காலையில் பச்சை வாளியில் போடுவாள். அந்த ஒழுங்கை நானே சங்கக் கூட்டத்தில் பாராட்டியிருக்கிறேன்.

உரத்தொட்டியில் வேலை செய்கிறவள் குருவம்மா. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மண்புழுவுக்கு ஆகாது. அதனால் அதையெல்லாம் கையால் பொறுக்கித் தனிக் கூடையில் போடுவாள். கையுறை இருந்தது சார். இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. சங்க அலமாரியில் உறை பிரிக்காமல் நானே பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தேன். ‘மாதிரித் தெரு’ என்று பலகை கொடுக்கப் போகிறார்கள், அதிகாரிகள் பார்வையிட வருவார்கள் என்று பேச்சு இருந்தது. அன்றைக்குக் கையுறை புதிதாக இருக்க வேண்டாமா?

தை மாதம். காலை நேரம். தொட்டிப் பக்கம் ஒரே அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால் குருவம்மா ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே ஒரு எலுமிச்சை மூடி. அதில் நாலா பக்கமும் ஊசி.

“குத்தினது வலிக்கலைங்கய்யா. யாரோ வச்சுட்டாங்கய்யா. செய்வினையைக் கையால தொட்டுட்டேன்யா” என்று அழுகிறாள்.

எனக்கு இந்தச் செய்வினை, சூனியம் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் சாட்சியத்தை நம்புகிறவன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். தையல் ஊசி இல்லை. கோணி ஊசி இல்லை. தலைமுடி மாதிரி மெல்லியது, ஒவ்வொன்றும் நறுக்கிய துண்டு. வீட்டில் புழங்குகிற ஊசி எதுவும் இப்படி இருக்காது என்று அங்கேயே சொன்னேன். அப்படியானால் எதற்கு என்று கேட்டார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியாது, வீட்டு உபயோகத்துக்கு இல்லை, அது மட்டும் நிச்சயம் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

அதற்குள் ரத்தினவேலின் மனைவி சகுந்தலா வந்துவிட்டாள். அவள் மருமகளுக்குப் போன மாதம்தான் வயிற்றில் இருந்தது கலைந்திருந்தது. அந்த அம்மாள் எலுமிச்சை மூடியைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். “என் மருமக வயித்துல ஏன் தங்கலைன்னு இப்பத் தெரியுதுடி. என் வீட்டுலயே குடிவச்சு, என் குடியைக் கெடுத்துக்கிட்டேனே!”

யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் இந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மன் கோவில் பூசாரியைக் கூப்பிட்டு, அந்த மூடியை அங்கேயே சூடம் வைத்துக் கொளுத்தினார்கள். குருவம்மாவிடம் ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். என் கடமை, சொன்னேன். “செய்வினை பட்ட கையில ஊசி போட்டா கை விளங்காமப் போயிரும்” என்று பெண்கள் பயமுறுத்திவிட்டார்கள். அவள் புருஷன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ மந்திரிக்கிறவரிடம் கூட்டிப்போனான். அவர் விரலை இறுக்கிக் கறுப்புக் கயிறு கட்டி, அவிழ்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். விரல் வீங்கியது. கறுத்தது. வாடை வந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர், “குத்தின ஊசி எங்கேம்மா? கொண்டு வா, பார்க்கணும்” என்றாராம். அது சாம்பலோடு சேர்ந்து தொட்டிக்குள் போய்விட்டதே. விரலை எடுத்துவிட்டார்கள்.

இதற்கு ஒரு விசாரணை வேண்டாமா? செயலாளர் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? மூடி கிடைத்த மறுநாளிலிருந்தே ஒவ்வொரு பச்சை வாளியையும் நானே கவிழ்த்துக் குச்சியால் கிளறினேன். எல்லா வீட்டிலும் எலுமிச்சை இருந்தது. என் வீட்டிலும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பாரபட்சம் கூடாது என்று என் வாளியை எல்லோர் கண்முன்னால் முதலில் கவிழ்த்தேன். வெறும் மூடி. அதிகமாக இருந்தது யார் வீட்டில்? இங்கே. வாளி வாளியாக. ஊசி மட்டும் யார் வீட்டிலும் அகப்படவில்லை. நான் தேட ஆரம்பித்த அன்றோடு நின்றுவிட்டது. அதற்கு என்ன அர்த்தம்? செய்தவருக்குப் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம். எத்தனை கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஆய்வாளர் தெருவில் நுழைகிறார் என்று தெரிந்ததும் கள்ளக் கல் மறைந்துவிடும்.

விரலை எடுத்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கொட்டகையில் கூட்டம் போட்டோம். வீராயி ஓரமாக நின்றாள். உட்காரு என்றும் யாரும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை.

“எலுமிச்சம்பழம் எனக்குச் சோறு சார்” என்றாள் என்னைப் பார்த்து. “சோத்துல போயி யாராச்சும் ஊசி குத்துவாங்களா?”

“ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பூசை பண்றவளுக்குச் சோறு எது, பழம் எதுன்னு தெரியுமா?” என்றாள் சகுந்தலா.

“அக்கா, பன்னெண்டு மணிக்கு என் மக படிக்குது. அந்த லைட்டுதான் எரியுது. வந்து பாருங்கக்கா.”

“அக்கான்னு கூப்புடாத.”

அப்போது பெண்கள் வரிசையில் மரகதம் எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை. “வீராயி இல்லைங்க” என்றாள். “அது வீராயி பண்ணது இல்லை.”

“உங்களுக்கு எப்படி அம்மா தெரியும்?” என்று ரத்தினவேல் கேட்டார்.

மரகதம் என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு செயலாளரின் மனைவி பொதுக்கூட்டத்தில் இப்படி ஆதாரம் இல்லாமல் எழுந்து பேசலாமா? “உட்கார்” என்றேன். நின்றாள். “உட்கார், மரகதம்.” உட்கார்ந்துவிட்டாள்.

நான் நியாயமாகத்தான் பேசினேன் சார். செய்வினை என்ற வார்த்தையை நான் வாயால் சொல்லவே இல்லை. சுகாதாரக் கேடு, தொழிலாளி ஒருத்திக்கு உடல் ஊனம், சங்க விதி மீறல். இவ்வளவுதான். வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. வீராயி அதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. “பரீட்சை வரைக்கும் மட்டும் இருந்துக்குறேன் சார். புள்ள எழுதி முடிச்ச அன்னைக்கே வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிடுறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்றாள்.

அது வீட்டுக்காரர் தீர்மானிக்க வேண்டிய விஷயம். நான் எப்படித் தலையிட முடியும்? ரத்தினவேல் இரண்டு நாள் பார்த்துவிட்டு மோட்டார் போடுவதை நிறுத்திவிட்டார். அந்தப் பெண் பள்ளிக்கூடச் சீருடையோடு தெருக் குழாயில் குடம் வைத்துக் காத்திருக்கும். குழாயில் யாரும் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். பிறகு கரண்டும் போயிற்று. மரகதம் ஒருநாள் குடத்தில் தண்ணீர் கொண்டுபோனாள். வேண்டாம், பார்ப்பவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்றேன். மறுநாளும் கொண்டுபோனாள்.

பரீட்சை நடுவிலேயே கிளம்பிவிட்டார்கள். சர்பத் வண்டியிலேயே பாத்திரம், பாய், புத்தகம் எல்லாம் ஏற்றி, தாயும் மகளும் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு வேதியியல் பரீட்சையாம். அந்தப் பெண் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மறுபடி ஜூன் மாதம் எழுதலாம் சார். அரசாங்கம் அதற்கெல்லாம் வழி வைத்திருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மரகதம் வந்து எதிரே நின்றாள்.

“ஏங்க, அது நம்ம வீட்டு ஊசி.”

“எது?”

“உங்களுக்குப் போடுறது. சிவப்புப் பொட்டலத்துல போகக் கூடாதுன்னு சொன்னீங்க. சும்மா போட்டா குருவம்மா கையில குத்திடுமேன்னு, சேர்த்து வச்சு, கட்டிங் பிளேயரால நறுக்கி, பிழிஞ்ச மூடியில சொருகி வச்சேன். எங்கம்மா உடைஞ்ச ஊசியை அப்படித்தான் போடுவாங்க. யாருக்கும் குத்தக் கூடாதுன்னுதாங்க செஞ்சேன். அன்னைக்குக் கூட்டத்துல சொல்லணும்னுதான் எழுந்தேன்.”

உங்களுக்கு மரகதத்தைத் தெரியாது. ஒருமுறை ரயிலில் பக்கத்து சீட்டு அம்மாளின் பை திருடு போயிற்று. “நான் முழிச்சிருந்தா போயிருக்காதே” என்று ஊர் வந்துசேரும்வரை அழுதவள் இவள். ஊரில் யாருக்கு எது நடந்தாலும் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்வாள். அப்படி ஒரு இளகிய மனசு. அதைத்தான் அவளிடம் சொன்னேன். “உனக்கு மனசு சரியில்லை. வீராயி போனதைப் பார்த்துக் கலங்கிவிட்டாய். இதை வெளியே சொல்லாதே.”

“சொல்லக் கூடாதுன்னா, அப்ப நீங்க நம்புறீங்கதானே?” என்று கேட்டாள்.

இது என்ன கேள்வி சார்? அடுத்த வாரமே அதிகாரிகள் வருவதாக இருந்தது. இளகிய மனசுக்காரி ஒருத்தி ஏதோ உளறுவதை வைத்து ஒரு தெருவின் உழைப்பைக் கெடுக்க முடியுமா? அதிகாரிகள் வந்தார்கள். பார்த்தார்கள். பலகை கிடைத்தது. நீங்கள் உள்ளே வரும்போது பார்த்திருப்பீர்கள், நீல எழுத்து. குருவம்மாவுக்கும் ஒன்றும் குறை வைக்கவில்லை. இப்போது கையுறையை வெளியே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு விரல் மட்டும் காலியாகத் தொங்குகிறது, அது வேலைக்கு இடைஞ்சல் என்கிறாள். உள்ளே மடித்துத் தைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

வீராயி போன பிறகு ஒரு ஊசிகூட வரவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மரகதம்தான் மாறிவிட்டாள். ஊசியை இப்போது ஊறுகாய் பாட்டிலில் போட்டு இறுக மூடி அலமாரியில் வைக்கிறாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் வீராயியைத் தேடினாளாம். வண்டி அங்கே இல்லையாம். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லையாம். வீட்டுக்கு வந்து அதை மட்டும் சொன்னாள்.

அதோ, கேட் திறக்கிறது பாருங்கள். அவள்தான். சார், ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வீடு பார்க்க யார் வந்தாலும் இப்படி வந்து நிற்பாள். ஏதாவது சொல்வாள். நீங்கள் சும்மா தலையை ஆட்டுங்கள், போதும். போன மாதம் வந்த வங்கிக்காரர் குடும்பம், அதற்கு முன்னால் வந்த டீச்சர், எல்லோரும் ஃபோன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான்.

வா, மரகதம். சார் வீடு பார்க்க வந்திருக்கிறார். தண்ணீர் வசதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

“வணக்கங்க. இந்த வீட்டுல ஒரு அம்மாவும் பொண்ணும் இருந்தாங்க. நாங்க பண்ண தப்புக்கு அவங்களை வெளியே அனுப்பிட்டோம். அந்த ஊசி எங்க வீட்டு ஊசி. அவங்க திரும்பி வந்தா இருக்கறதுக்கு வீடு வேணும். தயவுசெஞ்சு நீங்க வேற வீடு பாத்துக்குங்க.”

பார்த்தீர்களா? நான் சொன்னேன் இல்லையா? பாவம், நல்ல மனசு.

ஏன் சார் எழுந்துவிட்டீர்கள்? இருங்கள். செருப்பை எதற்கு மாட்டுகிறீர்கள்? மொட்டை மாடியை நீங்கள் இன்னும் பார்க்கவில்லையே. காற்று பிய்த்துக்கொண்டு போகும் சார். சார்!